தோப்பூர்க் கோப்பு: மதுரை எய்ம்ஸ் நாடாளுமன்றத்தில் பயணித்த விதம்

மதுரை எய்ம்ஸ் அமையும் தோப்பூர் மதுரை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் மதுரை மக்களவைத் தொகுதியில் இல்லை. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் தொகுதிக்குள் அடங்குவதால், அந்த நிலத்துக்கு உரிய உறுப்பினர் விருதுநகர்க்காரர். முதல் மருத்துவ மாணவர்கள் சேர்க்கப்பட்டதோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். ஒரு உள்ளூர்ப் பிரச்சினை மூன்று தொகுதிகளைத் தொடுகிறது. மதுரையின் சு. வெங்கடேசனும் விருதுநகரின் மாணிக்கம் தாகூரும் கட்சி வேறானாலும் இதை விடாமல் எழுப்பி வந்ததற்கு இந்த எல்லைக்கோடும் ஒரு காரணம்.

ஒரு ஊரின் கோரிக்கையை மக்களவையில் எழுப்ப எத்தனை வாசல்கள் உண்டு, எந்த வாசல் எதற்குப் பயன்படும், எங்கே கோரிக்கை சிக்கிக்கொள்ளும் என்பதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைப்பது அரிது. பத்தாண்டுக்கு மேல் நீண்ட விவகாரம் என்பதால் எல்லா வாசலும் தட்டப்பட்டிருக்கிறது.

முதலில் நாள்வரிசை. 2015 பிப்ரவரி 28 அன்று அருண் ஜேட்லி தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம், அசாம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டுக்கும் ஒரு எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது. செங்கல்பட்டு, புதுக்கோட்டை, தஞ்சாவூரின் செங்கிப்பட்டி, ஈரோட்டின் பெருந்துறை, மதுரையின் தோப்பூர் என ஐந்து இடங்களை மாநில அரசு காட்டியது. தோப்பூர் முடிவானது 2018 ஜூனில். இடம் தேர்வுக்கே மூன்றாண்டுக்கு மேல் போய்விட்டது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 1,264 கோடி ரூபாய் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தந்தது. 750 படுக்கைகள், 100 எம்.பி.பி.எஸ். இடங்கள், 45 மாதக் கெடு. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 45 மாதக் கணக்கை ஒப்புதலிலிருந்து எண்ணினால் 2022 செப்டம்பரில் மருத்துவமனை நின்றிருக்க வேண்டும். கட்டுமானம் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

தாமதத்தின் வேர் பணம் வரும் வழியில் இருந்தது. அதே நிதிநிலை அறிக்கையில் பெயர் வந்த மற்ற எய்ம்ஸ்கள் மத்திய அரசின் சொந்த நிதியில் எழுந்தன. இமாச்சலத்தின் பிலாஸ்பூர் 2022 அக்டோபரிலும், குவாஹாத்தி 2023 ஏப்ரலிலும், பஞ்சாபின் பதிண்டாவும் ஜம்முவின் விஜய்ப்பூரும் 2024 பிப்ரவரியிலும் திறப்பு விழா கண்டுவிட்டன. மதுரைக்கு மட்டும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின், அதாவது ஜைக்காவின், கடன். கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தானது. 150 படுக்கைத் தொற்றுநோய்ப் பிரிவு சேர்க்கப்பட்டு மதிப்பீடு 1,977.80 கோடியாகத் திருத்தப்பட்டது. அதில் 1,627.70 கோடி, ஏறத்தாழ 82 விழுக்காடு, கடன். மீதி 350 கோடி மத்திய அரசின் பங்கு.

ஒரு மாநிலத்துக்குப் பெருமையாகச் சொல்லப்பட்ட திட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குப் பணத்துக்குச் சாவி வேறோர் இடத்தில் இருக்கிறது என்ற இந்தச் செய்தி மேடைப் பேச்சில் அதிகம் வந்ததில்லை. ‘எந்த நிதி, எவ்வளவு, எப்போது’ என்று அடுத்தடுத்துக் கேட்டதற்கு வந்த எழுத்துப்பூர்வ பதில்களிலும், தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களுக்கு வந்த பதில்களிலும்தான் துண்டு துண்டாக வெளிவந்தது. சபையில் உரக்கப் பேசிய நிமிடங்கள் ஊரில் செய்தியாயின. கோப்பு எங்கே கிடக்கிறது என்று காட்டியது கேள்வித்தாள்.

கேள்வித்தாள் இயங்கும் முறை

மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை. ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 பட்டியலில் இடம்பெறும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வார். கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் எழுப்பலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் மேசையில் வைக்கப்படும், அவ்வளவுதான். ஒரு உறுப்பினரின் பெயரில் ஒரு நாளுக்கு ஒரே ஒரு நட்சத்திரக் கேள்வியும், அதையும் சேர்த்து மொத்தம் ஐந்து கேள்விகளும்தான் பட்டியலில் வரும். எது முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அந்த 20 நட்சத்திரக் கேள்விகளிலும் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழியாக எட்டப்படுவது சிலவே. மிச்சத்துக்கு எழுத்துப் பதில்.

அமைச்சகங்கள் வார நாள்களுக்குப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மக்களவையில் சுகாதாரத்துக்கு வெள்ளி, ரயில்வேக்குப் புதன், நிதிக்குத் திங்கள். நான்கு வாரக் கூட்டத்தொடர் என்றால் எய்ம்ஸ் பற்றிச் சுகாதார அமைச்சரைக் கேட்க நான்கே நாள்கள் என்று பொருள். ஒரு வெள்ளி பண்டிகை விடுமுறையில் போனால் மூன்று. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அந்த நாளின் வாய்மொழிப் பதில்களும் போச்சு. எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சும். கேள்விக்கு முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், நேற்று ஊரில் நடந்ததை இன்று கேள்வியாக்க முடியாது. கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த வாரத்திலேயே வெள்ளிக்கிழமைக் கேள்விகள் எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். பல அலுவலகங்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்: தொடர் தொடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதினால் முதல் இரண்டு வெள்ளிகள் ஏற்கெனவே கைநழுவியிருக்கும்.

கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், அவதூறு இருந்தால் தள்ளுபடி. அதே தொடரில் ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டதைச் சாராம்சத்தில் திரும்பக் கேட்டாலும் தள்ளுபடி. மாநில அரசின் அதிகாரத்துக்குட்பட்ட பொருளும் நிற்காது.

‘மதுரை எய்ம்ஸ் பணிகள் எப்போது தொடங்கும்; தாமதத்துக்குக் காரணம் என்ன?’ என்பது ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. அமைச்சகத்துக்கு இதைவிட வசதியான கேள்வி கிடையாது. ‘முன்முதலீட்டுப் பணிகள் நடைபெறுகின்றன, சுற்றுச்சுவர் கட்டப்பட்டு வருகிறது, உரிய நடவடிக்கை எடுக்கப்படுகிறது’ என்று மூன்று வரியில் முடித்துவிடலாம். மூன்றும் உண்மையாகவும் இருக்கும். சுற்றுச்சுவர் மதுரைக்காரர்களின் கேலிப்பொருளாக ஆனது சும்மா இல்லை.

2020-இல் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

‘அ) மதுரை எய்ம்ஸுக்கான வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா; ஆம் எனில் நாளும் தொகையும்; இல்லை எனில் இன்று அது எந்தக் கட்டத்தில் உள்ளது;
ஆ) கையெழுத்துக்குப் பின் திட்ட மேலாண்மை ஆலோசகர் நியமனம், வடிவமைப்பு, கட்டுமான ஒப்பந்தப்புள்ளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் வரையறுத்துள்ள கெடு;
இ) அமைச்சரவை ஒப்புதல் தந்த 1,264 கோடி மதிப்பீடு திருத்தப்படுகிறதா, ஆம் எனில் எவ்வளவு, எதற்காக?’

இதில் வாதம் இல்லை, தள்ள முடியாது. ஆனாலும் அமைச்சகத்திடம் பழைய தந்திரம் ஒன்று உண்டு. பதிலை ‘அ முதல் இ வரை’ என்று ஒரே பத்தியாகச் சேர்த்து எழுதுவார்கள். சங்கடமான உட்பிரிவு அந்தப் பத்தியில் காணாமல் போகும். மேற்சொன்னதில் ஆ பிரிவுதான் போகும், சந்தேகமே வேண்டாம். அதற்கு மாற்று, அடுத்த வாரமே முந்தைய கேள்வியின் எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு, விடுபட்ட ஆ பிரிவை மட்டும் தனிக் கேள்வியாக அனுப்புவது. பதில் வராததைக் கேட்பதால் ‘திரும்பக் கேட்டல்’ விதி அதைத் தடுக்காது. உட்பிரிவு எண்ணிக்கையைக் குறைத்து வைப்பதும் உதவும். ஏழெட்டுப் பிரிவு வைத்த கேள்வி பார்க்கக் கனமாக இருக்கும். பதில் பஞ்சுபோல வரும்.

யாரைக் கேட்பது

எய்ம்ஸ் சுகாதார அமைச்சகத்தின் பொருள். அதற்காக ஜைக்கா கடன் பேச்சுவார்த்தையையும் அவர்களே நடத்துவதாக எண்ணக் கூடாது. வெளிநாட்டுக் கடன்களைக் கையாள்வது நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை. கடன் எந்தக் கட்டத்தில் என்று வெள்ளிக்கிழமை சுகாதார அமைச்சரைக் கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வரலாம். திங்கள்கிழமை நிதி அமைச்சரைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய துறை தானே பேனாவைப் பிடிக்கும். ஒரே பொருளை இரண்டு நாளில், இரண்டு அமைச்சகத்திடம், இரண்டு உறுப்பினர்கள் பெயரில் கேட்டு இரு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதுபோன்ற வழக்குகளில் மிகப் பயனுள்ள வழி. நாள், தொகை, கட்டம் ஆகியவற்றில் முரண் இருந்தால் அதுவே அடுத்த துணைக் கேள்வி. ஒரே நாளில் ஒரே அமைச்சகத்திடம் பலர் கேட்டால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிடுவார்கள், உழைப்பு வீண்.

இன்னொரு சிக்கல் நிலம். புதிய எய்ம்ஸுக்குச் சுமார் 200 ஏக்கர் நிலத்தையும், சாலை, தண்ணீர், மின்சாரத்தையும் மாநில அரசு இலவசமாகத் தர வேண்டும். தோப்பூரில் 220 ஏக்கருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. எந்தத் தாமதத்துக்கும் ‘மாநில அரசு இன்னும் ஒப்படைக்கவில்லை’ என்ற பதிலுக்கு இடம் இருந்தது. சென்னையிலிருந்து அதற்கு மறுப்பு வரும், அந்த ஒரு வரியிலேயே ஒரு கூட்டத்தொடர் ஓடிவிடும். இதற்கு நேரான வழி, கேள்வி எழுதும் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நிலம் ஒப்படைத்த ஆணையின் எண்ணையும் நாளையும் வாங்கிக்கொள்வது. அந்த எண்ணோடு கேட்டால் பந்தை மாநிலத்துப் பக்கம் தட்ட முடியாது.

நிதிநிலை அறிக்கையும் இங்கே அதிகம் கைகொடுக்கவில்லை. புதிய எய்ம்ஸ்கள் பலவற்றின் பணமும் பிரதமர் சுகாதாரப் பாதுகாப்புத் திட்டம் என்ற ஒரே தலைப்பில் மொத்தமாகக் காட்டப்பட்டு வந்ததால், மதுரைக்கு இவ்வளவு என்று தனியே படிக்க முடியாது. மதுரை–போடி அகலப்பாதையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அகலப்பாதையாக்க 2010 கடைசியில் மூடப்பட்ட அந்த 90 கிலோமீட்டர் பாதையில் உசிலம்பட்டி வரை 2020 ஜனவரியில் வண்டி ஓடிப் பார்த்தது. தேனிக்கு 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில் ரயில் வந்தது. பன்னிரண்டரை ஆண்டு. அதுவும் இழுவைதான், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ரயில்வேயின் பணிவாரி ஒதுக்கீட்டுப் பட்டியலான ‘பிங்க் புக்’கில் அந்தப் பாதைக்கு எத்தனை கோடி என்று தனி வரி இருக்கும். தொகை குறைந்தால் அன்றே பிடித்துக் கேட்கலாம். எய்ம்ஸுக்கு அந்த வரியைக் கேள்வி கேட்டுத்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

பூஜ்ய நேரமும் 377-உம்

கேள்வி நேரத்துக்குப் பின் உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம் விதிப் புத்தகத்திலேயே இல்லை, வழக்கத்தில் வந்தது. அன்று காலை 10 மணிக்குள் அறிவிப்புக் கொடுத்தால் குலுக்கலில் பெயர் வரலாம். ஒரு நாளுக்கு 20 என்பது பழைய அளவு. அவைத் தலைவர் விரும்பினால் நீட்டிக்கலாம். 2019 ஜூலை 18 அன்று 160-க்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். 2025 ஏப்ரல் 3 அன்று 202 பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து மணி நேரத்தை 202 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒன்றரை நிமிடம், அதிலும் ‘மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே’ கழிந்தது போக மீதி. அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பூஜ்ய நேரத்தின் பலன் நேற்று நடந்ததை இன்று பதிவு செய்வது: கடலில் மீனவர் கைது, வெள்ளம், மூடப்பட்ட ஆலை. எய்ம்ஸ் போன்ற நீண்ட கோப்புக்கு அது ஊர்க்காரர்களுக்கான வீடியோத் துண்டு. அதிலும் ஒரு பயன் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. பத்திரிகையில் வராத கோரிக்கையை அதிகாரிகளும் கண்டுகொள்வதில்லை.

மக்களவை விதி 377-இன் கீழ் ஒரு கோரிக்கையை எழுப்புவது வேறு மாதிரி. உரை 250 சொல்லுக்குள், முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற்றதை மட்டுமே படிக்கலாம். ஒரு வாரத்தில் ஒரு உறுப்பினருக்கு ஒன்று. நாளுக்கு 20, கட்சிகளின் பலத்துக்கேற்ப இடம் பகிரப்படும். நேரம் இல்லாத நாள்களில் படிக்காமலே மேசையில் வைக்கச் சொல்லிவிடுவார்கள். உடனடிப் பதில் கிடையாது, ஆனால் சம்பந்தப்பட்ட அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் உறுப்பினருக்குக் கடிதமாகப் பதில் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம்தான் சரக்கு. ரயில் நிறுத்தம், மேம்பாலம், கேந்திரிய வித்யாலயா, அஞ்சலகம் போன்ற ஒரே ஊர், ஒரே கோரிக்கைக்கு இதைவிட ஏற்ற வாசல் இல்லை. ரயில் நிறுத்தம் என்றால் ஆறு மாதச் சோதனை நிறுத்தம் கேட்பதே நடைமுறை. அந்த ஆறு மாதத்தில் அந்த நிலையத்தில் டிக்கெட் விற்பனை எழவில்லையானால் நிறுத்தம் போய்விடும் என்பதையும் கோரிக்கை வைத்த சங்கத்துக்கு உறுப்பினர் அலுவலகம் அன்றே சொல்லிவிடுவது நல்லது.

கடிதமும் ஒரு வாசல்தான். உறுப்பினரின் கடிதத்துக்கு 15 நாளில் பெற்றுக்கொண்ட அறிவிப்பு, அதற்கடுத்த 15 நாளில் பதில் என்பது அரசு அலுவலக நடைமுறை. உண்மையில் முதலாவது வரும், இரண்டாவது நினைவூட்டிய பிறகு வரும்.

2020: அவை இல்லாத ஆண்டு

ஜைக்கா பேச்சுவார்த்தை கனிந்துகொண்டிருந்த மாதங்களில்தான் கொரோனா வந்தது. 2020 செப்டம்பரில் கூடிய மழைக்காலத் தொடரில் கேள்வி நேரமே நீக்கப்பட்டது. எழுத்துப் பதில்கள் மட்டும். பூஜ்ய நேரம் அரை மணியாகச் சுருங்கியது. அவ்வாண்டின் குளிர்காலத் தொடர் நடக்கவே இல்லை. கடன் கையெழுத்தாகாமல் இருந்த காலத்தில், 2020 மார்ச் கடைசியிலிருந்து அவ்வாண்டு முடியும் வரை அமைச்சரை எழுப்பி நிறுத்தித் துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டாலே நிலுவையில் உள்ள அறிவிப்புகள் செல்லாமல் போகும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும். இதை முறையாகச் செய்பவர்களிடம் கேள்வி எண், நாள், பதிலின் சாரம், விடுபட்ட பிரிவு ஆகிய நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பதிவேடு இருக்கும். உறுப்பினரின் உதவியாளர் மாறினாலும் பதிவேடு மாறக் கூடாது.

2023 பிப்ரவரியில் கேள்வி நேரத்திலேயே விவகாரம் வெடித்தது. எய்ம்ஸ் பற்றிய கேள்வியில் சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியாவுக்கும் தமிழக உறுப்பினர்களுக்கும் வாக்குவாதம் முற்றி, தி.மு.க. கூட்டணியினர் வெளிநடப்புச் செய்தனர். அரசியலாக அது எடுபட்டது. ஆய்வுக் கண்ணோடு பார்த்தால் வெளிநடப்பு என்பது மீதித் துணைக் கேள்விகளைக் கைவிடுவதும்தான். அன்று வெளியே போன நேரத்தில் ‘கட்டுமான ஒப்பந்தப்புள்ளி எந்த மாதம்’ என்ற ஒரு வரியைக் கேட்டு, வாயால் ஒரு மாதத்தைச் சொல்ல வைத்திருந்தால் அது வாக்குறுதியாகப் பதிவாகியிருக்கும்.

வாக்குறுதி என்பது இங்கே சட்டச் சொல் போன்றது. அமைச்சர் அவையில் ‘கவனிக்கிறேன்’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு மேசையில் வைக்கப்படும்’ என்ற வகையில் பேசினால், அந்த வாசகங்கள் அரசு உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏறும். மக்களவையில் 1953 முதல் இருக்கும் 15 உறுப்பினர் குழு இது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அறிக்கை தர வேண்டும். முடியாவிட்டால் கால நீட்டிப்பு கேட்டுக் குழு முன் கைகட்டி நிற்க வேண்டும். அமைச்சர்கள் எழுந்து பேசுவதை உள்ளூர்ப் பத்திரிகைகள் மழுப்பல் என்று எழுதும். ஆனால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற மழுப்பலைத்தான் இந்தக் குழுவிடம் கொண்டுபோக முடியும். ‘அப்படி ஒரு திட்டம் இல்லை’ என்ற நேர்மையான பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. துணைக் கேள்வி கேட்பவர் இதை மனதில் வைத்து, அமைச்சரை ‘இல்லை’ என்று சொல்லவைக்கும் மூலைக்குத் தள்ளாமல் இருப்பது ஒரு கலை.

2023 ஆகஸ்டில் கட்டுமான ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. ஒப்பந்தம் லார்சன் அண்டு டூப்ரோவுக்குப் போனது. பணி தொடங்கியது 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சில நாள் முன்பு. கெடு 33 மாதம்; மார்ச்சிலிருந்து எண்ணினால் 2026 டிசம்பர். ராமநாதபுரத்தில் 50 பேர் கொண்ட முதல் அணி வகுப்புத் தொடங்கியது 2022 ஏப்ரலில். நான்கரை ஆண்டுப் படிப்பை அங்கிருந்து எண்ணினால் 2026 அக்டோபர். தங்கள் கல்லூரியின் சொந்த மருத்துவமனை முழுதாகக் கட்டி முடியும் முன்பே அந்த அணி படிப்பை முடிக்கும் கணக்கு இது.

ஆகவே வெள்ளிக்கிழமைப் பட்டியலுக்கு இனி எழுத வேண்டியவை கட்டடத்தைப் பற்றியவை மட்டும் அல்ல. பேராசிரியர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டவை எத்தனை, நிரம்பியவை எத்தனை. புறநோயாளிப் பிரிவு எந்தத் தேதியில். 900 படுக்கையில் முதல் கட்டத்தில் திறப்பவை எத்தனை. கடனில் இதுவரை விடுவித்த தொகை எவ்வளவு. கடைசிக் கேள்வி மட்டும் திங்கள்கிழமைக்கு, நிதி அமைச்சகத்துக்கு.